இருவர் மேடை: ஜாஸ் இசையில் பியானோவும் டபுள் பேஸும்

மேடையில் ஆள் குறையக் குறையக் கலைஞனின் பொறுப்பு கூடும். இருபது பேர் கூடி வாசிக்கும் இசைக்குழுவில் ஒருவர் பிசகினால் ஏனைய பத்தொன்பதின்மரின் ஓசை அப்பிசகை மூடிவிடும். ஐவர் குழுவில் அது ஓரளவு வெளியே தெரியும். இருவர் மட்டுமே வாசிக்கும்போதோ மறைந்துகொள்ள இடமில்லை. தனியொருவர் வாசிப்பதன் நிலை வேறு. அங்கே பிசகியவர் அப்பிசகையே தம் எண்ணமாக்கிக் காட்டி, அடுத்த அடியில் நேர்செய்துகொள்ளலாம். இருவர் இசையில் அதற்கும் வழியில்லை. பக்கத்தில் மற்றொருவர் காத்திருக்கிறார். ஆகவே, கச்சேரி வடிவங்களுள் இருவர் இசையே மிகக் கடினமானது என்று கூறுவது மிகையாகாது.

அமெரிக்க மண்ணில் கறுப்பின மக்களிடையே தோன்றி வளர்ந்த ஜாஸ் இசையில், பியானோவும் டபுள் பேஸும் மட்டும் இணையும் வடிவத்துக்கு எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. டியூக் எலிங்டன், ஜிம்மி பிளான்டன் இணை (1939, 1940). பில் ஈவன்ஸ், எடி கோமெஸ் இணை (1974, 1975). கென்னி பாரன், சார்லி ஹேடன் இணை (1996). கீத் ஜாரெட், சார்லி ஹேடன் இணை (2007) ஆகியவை அவ்வரலாற்றில் தனித்து நிற்பவை. இவற்றை ஒருசேர வைத்து நோக்கும்போது ஒரு வினா எழுகிறது. பெரிய குழுக்களில் துணைக்கருவியாக இருந்த பேஸ், இருவர் மேடையில் சம உரிமை பெற்றது. பெற்ற உரிமையை அது எவ்வாறு பயன்படுத்தியது? பியானோவைப் போலத் தானும் ஓயாது பேசுவதுதான் சமத்துவமா? பேசும் உரிமை கிடைத்த பின்னரும் தாங்கும் பணியை விரும்பி ஏற்பது அடிமைத்தனமா, பெருந்தன்மையா? ஒவ்வோர் இணையும் இவ்வினாவுக்கு ஒவ்வொரு விடை தந்துள்ளது. அவ்விடைகளை எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புனைவும் வரம்பும்

முன்னரே எழுதிவைக்காத இசையை மேடையிலேயே படைத்துச் செல்வது ஜாஸின் உயிர்நிலை. கர்நாடக இசையார் மனோதர்மம் என்று வழங்குவதற்கு இஃது உறவுடையது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. அங்கு இராகத்தின் இயல்பு வரம்பாக நிற்கிறது. இங்குப் பாடலின் அடியில் ஓடும் கார்ட் வரிசை வரம்பாக நிற்கிறது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்கள் ஒரே வேளையில் சேர்ந்தொலிப்பதே கார்ட் எனப்படும்.

கச்சேரியில் எடுத்துக்கொள்ளப்படும் பாடல் பெரும்பாலும் 32 கூறுகள் கொண்டது. ஒவ்வொரு கூறிலும் நான்கு தட்டுகள் அமையும். முதல் எட்டுக் கூறுகளின் மெட்டு இருமுறை வரும்; அடுத்த எட்டில் வேறொரு மெட்டு வரும்; இறுதி எட்டில் முதல் மெட்டு மீளும். 'புளூஸ்' என்னும் வகைக்குப் பெரும்பாலும் 12 கூறுகளே அளவு. இம்மெட்டினை இருவரும் முதலில் ஒருமுறை வாசித்துக் காட்டுவர். பின்னர் மெட்டினைக் கைவிட்டு, கார்ட் வரிசையை மட்டும் நெஞ்சில் நிறுத்தி, சுற்றுக்குச் சுற்று புதிய மெட்டுகளைப் புனைவர். இறுதியில் பழைய மெட்டுக்கே திரும்பி முடிப்பர்.

ஆசுகவி பாடும் புலவனை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். ஈற்றடியைப் பிறர் கொடுக்க, அந்நொடியிலேயே வெண்பாப் பாடுகின்றவன் சீரையும் தளையையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பதில்லை. யாப்பு அவன் செவியில் ஊறியிருக்கிறது. யாப்பறியாதவனுக்கு விரைந்து பாடும் உரிமை எவ்வாறு பயன்படாதோ, அவ்வாறே கார்ட் வரிசையைச் செவியில் ஏற்றாதவனுக்கு ஜாஸின் சுதந்திரமும் பயன்படாது. நினைத்ததை நினைத்தபடி வாசிப்பதே ஜாஸ் என்று கருதுவோர் இவ்வுண்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இருவர் இசையில் மற்றொரு கடமையும் சேர்கிறது. வெண்பாவின் ஓரடியை ஒருவர் பாட, அடுத்த அடியை மற்றவர் பாட, எந்த அடியில் யார் நிறுத்துவார் என்பது முன்கூட்டி முடிவு செய்யப்படாதிருந்தால் எத்துணை விழிப்பு வேண்டுமோ அத்துணை விழிப்பு இங்கு வேண்டப்படுகிறது.

இடக்கையின் அடக்கம்

டபுள் பேஸ் என்பது வயலின் வகைக் கருவிகளுள் மிகப் பெரியது. ஏறத்தாழ 1.8 மீட்டர் உயரமுடைய இக்கருவியைக் கலைஞர் நின்றுகொண்டோ உயர்ந்த முக்காலியில் சாய்ந்தோ வாசிப்பர். மேலைச் செவ்வியல் இசையில் வில் மிகுதியாகப் பயன்படும். ஜாஸிலோ விரலால் மீட்டுவதே பெருவழக்கு. இதன் நான்கு தந்திகளுள் அடித்தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. பியானோவின் 88 கட்டைகளுள் அடிக்கட்டை நொடிக்கு 27.5 அதிர்வுடையது. எனவே, பேஸ் வாழும் அதே நிலத்தில் பியானோ கலைஞரின் இடக்கையும் வாழ்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தாழ்ந்த சுரங்கள் இரண்டு நெருங்கி ஒலித்தால் செவிக்குத் தெளிவு கிட்டாது; கலங்கிய நீர் போலாகிவிடும். பியானோ ஒரே வேளையில் பத்துச் சுரங்களை எழுப்ப வல்லது. பேஸ் பெரும்பாலும் ஒரு வேளையில் ஒரு சுரத்தையே எழுப்பும். ஓசையிலும் அது மெலிந்தது. பியானோ தன் முழு வலிமையையும் காட்டினால் பேஸ் மூழ்கிப்போகும். ஆகவே, இருவர் மேடையில் அமரும் பியானோ கலைஞர் தம் இடக்கையை அடக்கப் பழகுதல் வேண்டும். கார்டின் அடிச் சுரத்தைத் தாம் தொடாமல் பேஸுக்கு விட்டுக்கொடுத்து, நடுப் பகுதியில் இரண்டு மூன்று சுரங்களோடு அமைதல் வேண்டும். தனியே வாசிக்கும்போது பெருமை சேர்க்கும் இடக்கை, இங்கு அடங்கியிருந்தே பெருமை பெறுகிறது.

பேஸ் கலைஞருக்கும் சுமை குறைவன்று. முரசுக் கலைஞர் இல்லாத மேடை இது. காலத்தை வெளிப்படத் தட்டிக் காட்டுவார் எவருமில்லை. தட்டுக்கு ஒரு சுரமாகப் பேஸ் நடந்து சென்றால் காலம் செவிக்குத் தெரியும்; அது நடையை நிறுத்திவிட்டு மெட்டுப் புனையத் தொடங்கினாலோ, காலம் இருவர் நெஞ்சிலும் மட்டுமே ஓடும். இருவருள் ஒருவர் அரைத்தட்டு முந்தினாலும் இசை சரிந்துவிடும். ஒருவர் மற்றவரை நம்புவதைத் தவிர வேறு துணை அங்கில்லை.

தலைவர் தந்த இடம்

1939ஆம் ஆண்டில் செயின்ட் லூயிஸ் நகரில் பிளான்டனை எலிங்டன் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். எலிங்டன் அப்பொழுதே உலகறிந்த இசைக்குழுத் தலைவர், வயது நாற்பது. பிளான்டன் 1918ஆம் ஆண்டு அக்டோபரில் பிறந்தவர். இருபதைச் சற்றே கடந்த இளைஞர். குழுவுக்குப் புதியவரும் இளையவருமான அவரை மட்டும் உடன் வைத்துக்கொண்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே இரண்டு பாடல்களை எலிங்டன் பதிவு செய்தார். 1940 அக்டோபர் முதல் நாள் மேலும் நான்கு பாடல்கள் பதிவாயின. 'பிட்டர் பேந்தர் பேட்டர்', 'சோஃபிஸ்டிகேட்டட் லேடி', 'பாடி அண்ட் சோல்', 'மிஸ்டர் ஜே.பி. புளூஸ்' என்பன அவை. நான்காவது பாடலின் பெயரிலேயே இளைஞரின் முதலெழுத்துகள் அமைந்திருப்பது நோக்கத்தக்கது.

அதற்கு முன்னர்ப் பேஸின் பணி பெரும்பாலும் தட்டினைக் காட்டி நிற்பதாகவே இருந்தது. பிளான்டன் அக்கருவியில் ஊதுகருவி போன்று நீண்ட மெட்டுகளை வாசித்தார். வில்லையும் விரலையும் மாற்றிக் கையாண்டார். எலிங்டன் ஒரு சொற்றொடரை வாசித்துவிட்டுக் கையெடுத்து நிற்க, பிளான்டன் விடை கூறுவார். பேஸ் என்னும் கருவிக்கும் வாய் உண்டு என்று ஜாஸ் உலகம் உணர்ந்தது இப்பதிவுகளால்தான் எனலாம்.

எனினும், ஒன்றைச் சொல்லாமல் விடுதல் திறனாய்வு ஆகாது. அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். அம்மூன்று நிமிடத்தில் நெடிய புனைவுக்கு இடமில்லை. இங்கு நிகழ்வது வினாவும் விடையுமேயன்றி முழுமையான உரையாடல் அன்று. எலிங்டன் இடம் கொடுக்கிறார். பிளான்டன் அதனை நிரப்புகிறார். இடம் கொடுப்பவர் தலைவராகவே இருக்கிறார். கொடுத்த மனம் பெரிது. ஆயினும் கொடுக்கப்பட்ட உரிமையும் எடுத்துக்கொண்ட உரிமையும் ஒன்றாகா. 1942 சூலையில் காசநோய்க்கு ஆளாகிப் பிளான்டன் தம் 23ஆம் வயதில் மறைந்தார். அவ்விருவரின் உரையாடல் மேலும் எவ்வாறு வளர்ந்திருக்கும் என்பதைக் கேட்கும் பேறு உலகுக்கு இல்லாமற் போயிற்று. முப்பது ஆண்டுகள் கழித்து, 1972 டிசம்பரில், பிளான்டனின் இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த ரே பிரவுன் என்னும் பேஸ் கலைஞருடன் எலிங்டன் மீண்டும் ஓர் இருவர் இசைத்தொகுப்பைப் பதிவு செய்தார். பிளான்டனுக்கே அது காணிக்கையாக்கப்பட்டது. 1974 மே மாதத்தில் எலிங்டனும் மறைந்தார்.

சட்டம் அமைத்த மேடை

கலைவடிவங்கள் கலைஞரின் விருப்பத்தால் மட்டும் பிறப்பதில்லை. சூழலின் நெருக்கடியாலும் பிறக்கும். நியூயார்க் நகரில் 1926ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கேளிக்கைவிடுதிச் சட்டம் இதற்குச் சான்று. தனி உரிமம் இல்லாத உணவகங்களில் முரசும் ஊதுகருவிகளும் கூடா. பியானோ போன்ற கட்டைக் கருவிகளையும் தந்திக் கருவிகளையும் வாசிப்போர் மூவர் வரை இருக்கலாம் என்பது பிற்காலத்தில் அச்சட்டத்தின் நடைமுறையாக இருந்தது. கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட சிறு விடுதிகளுக்குப் பியானோவும் பேஸும் பொருத்தமான இணையாயின.

கிரீனிச் வில்லேஜ் பகுதியில் பிராட்லி கன்னிங்ஹாம் என்பார் 1969இல் தொடங்கிய 'பிராட்லீஸ்' என்னும் விடுதி இவ்வகை இருவர் இசைக்குப் பெயர் பெற்றது. டாமி ஃபிளனகன், ஹாங்க் ஜோன்ஸ், கென்னி பாரன் முதலிய பியானோ வல்லுநர்கள் அங்கு இரவுதோறும் பேஸ் கலைஞர்களுடன் அமர்ந்து வாசித்தனர். 1977இல் மறைந்த சாக்சஃபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட் தம் பியானோவை அவ்விடுதிக்கு எழுதிவைத்துச் சென்றார். சாக்சஃபோன் கலைஞர் ஒருவர் தம் இறுதிக் கொடையாகப் பியானோவை வழங்கத் தேர்ந்தெடுத்த இடம் அது என்பதிலிருந்தே அதன் மதிப்பு விளங்கும்.

அச்சட்டம் இசையைக் காக்க வந்ததன்று, அடக்க வந்தது. அதனைப் போற்றுவது பொருந்தாது. 1980களின் பிற்பகுதியில் நீதிமன்றத் தீர்ப்புகள் கருவி, ஆள் எண்ணிக்கை பற்றிய தடைகளை நீக்கின. 2017இல் அந்நகர மன்றம் சட்டத்தையே நீக்கிற்று. ஆனால் தடை விதித்தவர் எண்ணாத ஒரு பயனைக் கலைஞர் அத்தடைக்குள்ளிருந்தே எடுத்தனர். முரசு இல்லாத அவ்விரவுகளில், மெல்லிய ஓசையில் நுணுக்கமாகக் கேட்டு வாசிக்கும் ஒரு தலைமுறை உருவாயிற்று. குறுகிய யாப்பில் ஆழ்ந்த பொருள் பாடிய புலவரின் செயலுக்கு இஃது ஒப்பாகும்.

பேச்சு மிகுந்த சமத்துவம்

பில் ஈவன்ஸ் பேஸுக்குச் சம உரிமை வழங்குவதைத் தம் கொள்கையாகவே கொண்டவர். 1961 சூன் 25ஆம் நாள் நியூயார்க்கின் வில்லேஜ் வேங்கார்ட் அரங்கில் அவருடைய மூவர் குழு வாசித்தபோது, பேஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோ துணைநடையை விட்டு நீங்கி, பியானோவோடு ஒரே வேளையில் எதிர்மெட்டு வாசித்தார். பதினொரு நாள் கழித்து, சாலை விபத்தில் அவர் மாண்டார், வயது 25. அவ்வழியைத் தொடர்ந்து வந்தவர் போர்ட்டோ ரீக்கோவில் பிறந்த எடி கோமெஸ். 1966 முதல் பதினோராண்டுகள் ஈவன்ஸுடன் இருந்த அவர், 1974இல் 'இன்டியூஷன்' என்னும் தொகுப்பிலும், 1975 சூலையில் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரூ விழா மேடையிலும் அவருடன் இருவராக வாசித்தார்.

கோமெஸின் விரல்வேகம் வியப்புக்குரியது. பேஸின் உச்சிப் பகுதியில் அவர் வாசிக்கும் மெட்டுகள் செலோவின் குரலை நினைவூட்டும். இருவரும் ஒரே வேளையில் பேசுகின்றனர். ஆயினும் ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டுவதில்லை. எலிங்டன் காலத்து வினாவிடை இங்குப் பின்னலாக வளர்ந்துவிட்டது. கொடுக்கப்பட்ட உரிமை எடுத்துக்கொண்ட உரிமையாயிற்று. இது மறுக்கவியலாத முன்னேற்றம்.

ஆனால் ஓர் இழப்பும் நேர்ந்தது. பேஸ் மேலேறிப் பேசும் பொழுதெல்லாம் அதன் பழைய இருப்பிடம் வெறுமையாகிறது. தளம் இல்லாத மாடத்தில் இருவர் நின்று பேசுவது போன்ற உணர்வு சில இடங்களில் தோன்றுகிறது. பியானோவின் இடக்கை கீழிறங்கி அவ்வெறுமையை நிரப்ப வேண்டியதாகிறது. அவ்வேளையில் பேஸ் பெற்ற சமத்துவம் பியானோவின் இரட்டிப்பு உழைப்பால் தாங்கப்படுவதாக ஆகிவிடுகிறது. பேசும் உரிமையே சமத்துவத்தின் முழுப்பொருள் என்று கொண்டால் கோமெஸின் வழியே முடிந்த முடிபாகும். தாங்குவதும் ஓர் உரிமை, அதுவும் ஒரு வகைப் பேச்சு என்று கொண்டால் வேறொரு வழி தேவைப்படும்.

குறைவான சுரங்களின் நிறைவு

அவ்வழியைக் காட்டியவர் சார்லி ஹேடன். 1937இல் அயோவா மாநிலத்தின் ஷெனாண்டோவா என்னும் ஊரில் பிறந்த அவர், பெற்றோரின் வானொலி நிகழ்ச்சியில் இரண்டு வயதுக் குழந்தையாகவே பாடத் தொடங்கியவர். 15ஆம் வயதில் கண்ட இளம்பிள்ளைவாதம் அவருடைய தொண்டையையும் முகத்தையும் தாக்கிற்று; பாட்டு நின்றுபோயிற்று. பாட்டினை இழந்தவர் பேஸில் தம் குரலைத் தேடிக்கொண்டார். 1959இல் நியூயார்க்கில் ஆர்னெட் கோல்மனின் குழுவில் வாசித்தார். அக்குழுவில் பியானோவே இல்லை. முன்கூட்டி வகுத்த கார்ட் வரிசைக்கும் கட்டுப்படாத புனைவு அது. சாக்சஃபோன் செல்லும் திசையைக் கேட்டுக் கேட்டு அந்நொடியிலேயே அடித்தளம் அமைக்கும் பயிற்சியை அங்கு அவர் பெற்றார். மிகப் புரட்சியான இசையில் ஊறியவர், பின்னாளில் மிக எளிய மெட்டுகளைத் தேடிச் சென்றார் என்பது கருதத்தக்கது. ஹாங்க் ஜோன்ஸுடன் அவர் 1995இல் வெளியிட்ட 'ஸ்டீல் அவே' என்னும் இருவர் தொகுப்பு, கறுப்பின மக்களின் பக்திப் பாடல்களையும் நாட்டுப்பாடல்களையும் கொண்டது.

பிராட்லீஸ் விடுதி மூடப்பட்ட 1996ஆம் ஆண்டிலேயே, செப்டம்பர்த் திங்களில், நியூயார்க்கின் இரிடியம் அரங்கில் ஹேடனும் கென்னி பாரனும் இருவராக வாசித்தனர். 'நைட் அண்ட் த சிட்டி' என்னும் தொகுப்பாக அது 1998இல் வெளிவந்தது. பாரனுக்கு அப்போது வயது 53, ஹேடனுக்கு 59. இருவரும் ஆசிரியப் பணி புரிந்தவர்கள். பாரன் 1973 முதல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இசை பயிற்றுவித்தவர். ஹேடன் கலிஃபோர்னியக் கலைக் கழகத்தில் 1982இல் ஜாஸ் கல்வித்துறையைத் தொடங்கியவர். கற்பிப்போரின் பொறுமை அவர்களுடைய வாசிப்பில் தெரிகிறது என்று கூறுதல் தவறாகாது.

அத்தொகுப்பிலும் 'பாடி அண்ட் சோல்' இடம்பெற்றுள்ளது. ஜானி கிரீன் 1930இல் இசையமைத்த அப்பாடலை எலிங்டனும் பிளான்டனும் வாசித்து 56 ஆண்டுகள் கடந்திருந்தன. ஒரே பாடலை இரண்டு இணைகள் எவ்வாறு கையாண்டன என்று ஒப்பிடுதல் பயனுடையது. இப்பாடலின் நடு எட்டுக் கூறுகள் கடினமானவை. சுருதி அரைச்சுரம் மேலேறி, பின் கீழிறங்கி, இறுதியில் தன் பழைய இடத்துக்கு மீள்கிறது. கால் வழுக்கக்கூடிய இடம் அது. பிளான்டன் காட்டியது இளமையின் ஆற்றல். தம் கருவியால் எதுவும் இயலும் என்று மெய்ப்பிக்கும் ஆர்வம். மூன்று நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டிய நெருக்கடியும் அவருக்கு இருந்தது.

ஹேடனுக்கு மெய்ப்பிக்க எதுவுமில்லை. அரங்கக் கச்சேரியாதலின் காலமும் இருந்தது. அவர் பெரும்பாலும் தாழ்ந்த பகுதியிலேயே தங்கி, சுரத்துக்குச் சுரம் இடைவெளி விட்டு வாசிக்கிறார். ஒரு சுரம் முழுதும் ஒலித்து அடங்கிய பின்னரே அடுத்த சுரம் பிறக்கிறது. அவருடைய தனி வாசிப்பு வரும் வேளையிலும் வேகம் கூடுவதில்லை, மெட்டு எளிமையாகிறது. பாடுவதற்குக் குரலற்றுப் போனவர் பாடுவது போல் அது செவியில் விழுகிறது. பாரனோ விரல்வளம் மிக்கவர். நினைத்தால் அரங்கத்தையே ஓசையால் நிரப்ப வல்லவர். ஹேடன் பேசும்போது அவர் ஓரிரு கார்டுகளை மட்டும் இட்டு, கையை விலக்கிக்கொள்கிறார். அவ்வாறு விலக்குவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. எங்கே தொட்டால் மற்றவர் எண்ணம் தெளிவாகுமோ அங்கே மட்டும் தொடுகிறார். அவர் தாமே புனையும் சுற்றுகளில், ஹேடன் இட்ட அடிச் சுரமே அடுத்த சொற்றொடருக்கு வித்தாவதைக் கேட்கலாம்.

ஹேடனின் எளிமை இயலாமையின் மறைப்பு என்று குறைகூறுவோர் உண்டு. கோமெஸின் வேகத்தை அளவுகோலாகக் கொண்டால் அக்குறை உண்மைபோலத் தோன்றும். ஆனால் சுரங்களின் எண்ணிக்கை இசையின் அளவுகோல் ஆகாது. ஹேடனின் ஒவ்வொரு சுரமும் மேலே பாரன் என்ன செய்யலாம் என்பதற்கு வழிதிறக்கிறது. அடிச் சுரம் ஒன்றை மாற்றினால், மேலே ஒலிக்கும் அதே கார்டு மகிழ்ச்சியிலிருந்து துயரத்துக்கு மாறிவிடும். கட்டடத்தின் அடித்தளத்தை ஓரடி நகர்த்துபவன் கோபுரத்தையும் நகர்த்துகிறான். இவ்வதிகாரத்தை அறிந்தவர் மேலேறிப் பேச அவசரப்படுவதில்லை. இருவர் இசையின் வினாவுக்கு இதுவே நிறைவான விடை எனலாம். சமத்துவம் என்பது இருவரும் ஒரே பணியைச் செய்வதன்று. ஒருவர் பணியின்றி மற்றவர் பணி பொருளற்றுப் போகும் நிலையே அது.

இரண்டு எதிர்வாதங்கள்

இவ்வகை இசை மென்மையானது, உணவுண்போர் உரையாடலுக்குப் பின்னணியாகவே பொருந்துவது என்பது ஒரு வாதம். விடுதிகளில் பிறந்த இசைக்கு அப்பழி நேர்தல் இயல்பே. ஆயினும் மென்மை வேறு, மெலிவு வேறு. தாழ்ந்த குரலில் ஒருவர் பேசும்போது கேட்பவரே அருகில் செல்லல் வேண்டும். அருகில் செல்ல விரும்பாதவருக்கு அது பின்னணியாகத்தான் இருக்கும்; அக்குறை இசையின் குறையன்று.

அந்நொடியில் பிறந்து அந்நொடியில் மறைய வேண்டிய புனைவைப் பதிவு செய்து மீண்டும் மீண்டும் கேட்பது முரண்பாடு என்பது மற்றொரு வாதம். இதில் உண்மை உண்டு. பலமுறை கேட்டபின் புனைவும் எழுதிவைத்த இசைபோல மனப்பாடமாகிவிடுகிறது. ஆனால் ஆசுகவிகளின் பாடல்களையும் யாரோ ஏட்டில் எழுதிவைத்ததால்தான் பின்வந்தோர் அவற்றைக் கற்றனர். பிளான்டனின் இசைத்தட்டு இல்லையேல் ரே பிரவுன் இல்லை. பதிவு புனைவின் உடல். உயிரைக் கேட்பவர் மீண்டும் ஊட்டிக்கொள்ளல் வேண்டும்.

விடைபெறும் வேளை

2007 மார்ச்சில் கீத் ஜாரெட் தம் வீட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஹேடனுடன் அமர்ந்து வாசித்தார். 1970களில் ஒரே குழுவில் இருந்த இருவரும் பல்லாண்டு கழித்து ஒன்றுசேர்ந்த வேளை அது. அவையோர் இல்லை, கைதட்டல் இல்லை. 2010இல் 'ஜாஸ்மின்' என்றும், 2014 சூனில் 'லாஸ்ட் டான்ஸ்' என்றும் இரு தொகுப்புகளாக அவை வெளிவந்தன. தனிக் கச்சேரிகளில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தனியொருவராய்ப் புனைந்து புகழ்பெற்ற ஜாரெட், இங்குப் பழைய காதற்பாடல்களின் மெட்டை விட்டு அதிகம் விலகாமல், பேஸ் ஒலிப்பதற்கு இடம் விட்டு வாசிக்கிறார். ஆற்றல் மிக்கவர் அடங்கி நிற்பதில் உள்ள அழகினை இதில் காணலாம்.

இளமையில் வந்த நோயின் பின்விளைவுகள் இறுதி ஆண்டுகளில் ஹேடனை மீண்டும் பற்றின. இரண்டாம் தொகுப்பு வெளிவந்த மறுமாதமே, 2014 சூலை 11ஆம் நாள், அவர் மறைந்தார். 2018இல் ஜாரெட்டை இருமுறை பக்கவாதம் தாக்கிற்று. இடக்கையின் ஆற்றல் பெரிதும் குன்றியதை 2020இல் அவரே உலகுக்கு அறிவித்தார். ஹேடனுக்காகத் தாமே விரும்பி அடக்கிய இடக்கை, பின்னர் ஊழால் அடங்கிற்று. விரும்பி ஏற்ற அமைதிக்கும் திணிக்கப்பட்ட அமைதிக்கும் உள்ள வேறுபாட்டை நினைந்து அப்பதிவுகளை மீண்டும் கேட்போருக்கு, அவர் வாசிக்காது விட்ட ஒவ்வொரு சுரமும் ஒரு கொடையாகத் தோன்றும்.

பேசப் பழக்குவது எளிது. கேட்கப் பழக்குவது அரிது. வகுப்பறையில் மாணவரை மேடையேற்றிப் பேச வைக்கும் ஆசிரியர், பேசாத வேளையில் அம்மாணவர் என்ன செய்கின்றனர் என்பதையும் நோக்குதல் வேண்டும். தன் முறை எப்போது வரும் என்று காத்திருப்பவன் கேட்பவன் ஆகான். மற்றவர் சொல்லால் தன் சொல் மாறுவதற்கு இடங்கொடுப்பவனே கேட்பவன். கல்வியோடு கேள்வியையும் சேர்த்தே போற்றிய தமிழ் மரபில் வந்தோருக்கு இவ்வுண்மை புதிதன்று. கடல்கடந்த ஒரு நகரத்தின் சிறு அரங்கில், எழுதிவைத்த ஏடின்றி, முரசின் துணையின்றி, இரண்டு மூத்த ஆசிரியர்கள் ஓர் இரவு முழுதும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே இசைத்தனர். அவர்கள் விட்ட இடைவெளிகளைக் கேட்கத் தெரிந்தவர், அவர்கள் இசையைக் கேட்டவராவர்.